முன்சில்லைக் காத்தல்



திருகோணமலைப் பட்டினத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 24 கிலோமீற்றர் தொலைவில், கந்தளாய்க் குளத்து நீர் பாய்கின்ற வயல்களின் நடுவே அமைந்தது தம்பலகாமம். அங்கே ஒரு வயற்காரரின் வீட்டு முற்றத்தில், உழவு இயந்திரத்துக்குப் பக்கத்திலே, ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல்விதை வாங்கவும், ஆதி கோணநாயகர் கோயில் திருவிழாவுக்கு வயோதிபரை ஏற்றிச் செல்லவும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் திருகோணமலை வைத்தியசாலைக்கு விரையவும் அந்த வீட்டாருக்கு அதுவே துணை. அத்தகைய காரின் முன்சில்லுகளைப் பற்றியே இன்று பேச வந்தேன். சில்லு என்பது என்ஜினைப் போல ஓசையிட்டு நம்மை அழைப்பதில்லை. ஆகையால் அதனை நாம் மறந்துவிடுகிறோம். மறதிக்கு அது கேட்கும் விலையோ பெரிது.

இலங்கையில் பழைய கார்கள் இத்துணைக் காலம் உயிரோடிருப்பதற்குக் காரணம் வெறும் பழமைப் பற்று அன்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி சுருங்கியது. 1977ஆம் ஆண்டில் வாணிபக் கதவு திறக்கப்படும்வரை, இருக்கிற காரைப் பழுதுபார்த்து ஓட்டுவது தவிர வேறு வழியில்லை. 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் கார்களைப் பெற்றோல் சிறிது காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை அறியாதார் இல்லை. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். நீங்கிய பின்னரும் புதிய காரின் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாயில்லை. எனவே பாட்டனாரின் கார் பேரனுடைய காராகவே தொடர்கிறது.

மொரிஸ் மைனர் 1948 ஒக்ரோபரில் இலண்டன் கண்காட்சியிலே முதன்முதல் காட்டப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் உலகுக்குத் தந்தவர் அவரே. மைனர் ஏறக்குறைய உருவாகி முடிந்த நிலையில், கார் ஒடுக்கமாயிருக்கிறதென்று அவருக்குப் பட்டதாம். மாதிரிக் காரை நடுவே நெடுக்காக வெட்டி, இரு பாதிகளையும் விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். காரின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டையைப் பார்த்தால் அந்தக் கதை இன்றும் தெரியும். 1971வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. இங்கிலாந்தின் பாத் நகரிலே மைனர் கார்களைப் புதுக்கும் நிலையம் ஒன்றை நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் அந்தக் காருக்குரிய தகட்டுப் பாகங்களை நம் இலங்கையிலேயே செய்வித்துத் தமது நாட்டுக்கு எடுத்துச் சென்றார். இங்கிலாந்தின் காருக்கு இலங்கையில் உறுப்புச் செய்ததை நினைக்கும்போது எனக்கு எப்பொழுதும் ஒரு பெருமிதம் உண்டாகும். நிற்க.

இக்காரின் முன்பகுதியிலே நாம் லொறியிலும் மாட்டுவண்டியிலும் காண்பதுபோல் குறுக்கே ஓடும் அச்சு கிடையாது. ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே மேலும் கீழும் அசையும். பாரத்தைத் தாங்குவது சுருள்வில்லும் அன்று, அடுக்குத் தகட்டு வில்லும் அன்று. காரின் அடியில் நெடுக்காகக் கிடக்கும் ஓர் உருக்குக் கம்பி அதைத் தாங்குகிறது. அதற்கு டோர்ஷன் பார் என்று பெயர். ஈரத்துணியை முறுக்கினால் அது திருப்பி அவிழ முயல்வதுபோல, சில்லு மேலெழும்போது அக்கம்பி முறுகி, மீண்டும் சில்லைக் கீழே தள்ளுகிறது. கம்பியின் முன்னுனியிலே ஒரு கீழ்க்கை. கீழ்க்கையின் நுனியிலே ட்ரனியன் என்ற சிறிய வார்ப்பு. அந்த ட்ரனியனுக்குள் புரியிட்டு இறங்கி நிற்பது கிங்பின் என்னும் நிலைத்தண்டு. சில்லு பொருந்தியிருப்பது அந்தத் தண்டில்.

இந்த இடத்தை நேயர்கள் கவனமாக மனத்திற் கொள்ளவேண்டும். தண்டும் ட்ரனியனும் இணைந்திருப்பது ஒரு போல்ற்றும் நட்டும் இணைந்திருப்பது போலத்தான். ஆனால் இறுக்கி விட்ட நட்டன்று. நாம் ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் அந்தப் புரி ஒரு சிறிது சுழல்கிறது. காரின் அந்த மூலையின் பாரம் முழுவதும் அந்தப் புரியின் பற்களிலேயே தொங்குகிறது. கம்பி ட்ரனியனைக் கீழே தள்ள, நிலம் தண்டை மேலே தள்ள, இரண்டும் ஒன்றைவிட்டொன்று பிரியவே ஓயாமல் முயல்கின்றன. பிரியாமல் பிடித்து வைத்திருப்பவை அந்தப் பற்கள். கிறீஸ் உள்ளவரை அவை பல ஆண்டுகள் நிற்கும். கிறீஸ் வற்றினால் இரும்பை இரும்பு தின்னும். பற்கள் மெலிந்து, மெலிந்து, ஒருநாள் ஒரு குழியிலோ, சந்தியில் முழுத் திருப்பம் எடுக்கும்போதோ தண்டு ட்ரனியனை விட்டுக் கழன்றுவிடும். காரின் முன்மூலை நிலத்தில் விழும். சில்லு மட்காட்டின் கீழே மடிந்து கிடக்கும். மெதுவாகப் போகையில் நேர்ந்தால் வீதியோரத்து வெட்கத்தோடு போயிற்று. ஹபறணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலே வேகமாகப் போகையில், எதிரே ஒரு லொறி வருகையில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தம்பலகாமம் போன்ற ஊருக்கு இந்த ஆபத்து ஒரு படி கூடுதல். திருகோணமலை நெடுஞ்சாலை நல்ல தார் வீதிதான். ஆனால் சந்தியை விட்டு உள்ளே திரும்பினால் வாய்க்கால் கட்டும் கிறவல் பாதையும். மாரி காலத்தில் பாதைக்கு மேலால் நீர் ஓடும். வயற்சேறு நுண்மையானது. அது ட்ரனியனின் இறப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே புகுந்து, இருக்கிற கிறீசோடு கலந்து, அரம் தீட்டுகிற பசைபோல ஆகிவிடும். அப்படிப்பட்ட கிறீஸ் இல்லாமையைவிடக் கேடு. ஆதலால், 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது என்ற கணக்கோடு, நீரில் இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் மறுநாளே அடிப்பது என்ற கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாரி முழுவதும் மைல் கணக்கை மறந்துவிடலாம்; மழைக் கணக்கே கணக்கு.

கிறீஸ் அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பலர் கார் தன் சில்லில் நிற்கும்போதே கிறீஸ் கன்னை வைத்து நாலு தடவை அமுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்பொழுது பாரம் தாங்குகிற பக்கத்துப் பற்கள் ஒன்றோடொன்று நெருக்குண்டிருக்கும். கிறீஸ் அங்கே செல்லாது. வேண்டாத பக்கத்தால் வெளியேறிவிடும். சில்லை நிலத்தைவிட்டு உயர்த்தி, நிப்பிளைத் துணியால் துடைத்துச் சேறு நீக்கி, கிறீசை அமுக்கிக்கொண்டே இன்னொருவரைக் கொண்டு ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பச் செய்யவேண்டும். பழைய கறுத்த கிறீஸ் வெளிவந்து, அதன்பின் புதிய கிறீஸ் தன் நிறத்தோடு எட்டிப்பார்க்கும்வரை நிறுத்தலாகாது. நிப்பிள் கிறீசை ஏற்கவில்லையானால், அடைபட்ட நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள். அதன் விலை ஒரு தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். மேலும் கீழும் இரண்டு இடங்கள், ஒவ்வொரு பக்கத்திலும். மேலேயுள்ளதற்கு அடித்துவிட்டுக் கீழுள்ளதை விடுகிறவர் பலர். ஏனெனில் கீழுள்ளதற்குப் படுத்துப் புரளவேண்டும்!

தேய்வு எவ்வளவு ஏறியிருக்கிறதென்று அறிவது எப்படி? சில்லை உயர்த்தியபின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றம் சில்லின் பெயரிங்கில். மறையாவிட்டால் ட்ரனியனிலும் தண்டிலும். பின்னர் ஒரு அலவாங்கை டயரின் கீழே கொடுத்து மெல்ல மேலே நெம்புங்கள். கீழ் ட்ரனியனருகே கண்ணை வைத்திருக்க, தண்டு மேலெழுந்து மீண்டும் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால், அந்தப் பற்களுக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள். இறுதியாக, சில்லை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ரொட் நுனிகளின் தேய்வு தெரியவரும். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் போதும். கருவி என்று சொல்லத்தக்கது ஒரு ஜக்கும் ஓர் அலவாங்குமே.

தேய்ந்த ட்ரனியனுக்குள் வெல்டிங் பிடித்து நிரப்பி, மீண்டும் புரி வெட்டித் தருவோர் சில இடங்களில் உண்டு. புதிய உறுப்பு இங்கிலாந்திலிருந்து வரவேண்டும், நாட்கணக்கில் காத்திருக்கவேண்டும், செலவும் கூடும் என்பதால் அவர்களை நாடுகிறவர்களை நான் குறைகூறமாட்டேன். ஆனால் அந்த வேலையை ஒருபோதும் ஏற்கமாட்டேன். வெல்டிங்கின் சூடு பட்ட உலோகம் எங்கே கடினமாயிற்று, எங்கே நொறுங்குந் தன்மை பெற்றது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. ஸ்ரியறிங்கிலும் முன்சில்லிலும் பாரம் தாங்குகிற எந்த உறுப்பையும் சூடுகாட்டி நிமிர்த்தலாகாது, வெல்டிங் பிடிக்கலாகாது. மட்காட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒட்டுப்போடுங்கள். அது விழுந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இனி, உறுப்பை மாற்றுகிற வேலை. கைத்திறனும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். காரை உயர்த்தியபின் ஜக்கை மட்டும் நம்பி அடியிற் புகாதீர்கள். சீமெந்துக் கல்லையும் நம்பாதீர்கள். அது முன்னறிவிப்பின்றிப் பொடியும். நல்ல பாலைமரக் குற்றிகளை உடற்சட்டத்தின் கீழே வைத்து, காரைக் கையால் தள்ளி அசைத்துப் பார்த்தபின்னரே வேலை தொடங்கவேண்டும். மற்றையது அதனினும் பெரிது. சில்லு தொங்கிக்கொண்டிருக்கும்போதுகூட டோர்ஷன் பார் முறுகியபடியே இருக்கிறது. கட்டியிருக்கும் நாயைப் போன்றது அது. கீழ்க்கையை விடுவிக்குமுன் இரண்டாவது ஜக் ஒன்றைக் கீழ்க்கையின் அடியில் முட்டுக்கொடுத்து, நட்டுகளைக் கழற்றியபின் அந்த ஜக்கை மெல்ல மெல்ல இறக்கி, கம்பியின் முறுக்கு முழுவதும் அவிழ்ந்த பிறகே கையை உள்ளே விடவேண்டும். முட்டில்லாமல் விடுவித்தால், அந்தக் கை விசையோடு கீழே அடிக்கும். விரல் அங்கிருந்தால் விரல் இல்லை.

இடப் பக்கத்துத் தண்டும் வலப் பக்கத்துத் தண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் புரி எதிரெதிர்த் திசையிற் செல்வது. மாற்றிப் போட முயன்று புரியைச் சிதைக்கவேண்டாம். டோர்ஷன் பார்களையும் அப்படியே: இடப் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக முறுகிய கம்பி இடப் பக்கத்துக்கே உரியது. புதிய ட்ரனியனைப் பழைய தண்டில் ஏற்றுவது பொய்யான சிக்கனம். பழைய பற்கள் புதிய பற்களை விரைவில் தம்மைப் போலாக்கிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தண்டை ஏற்றும்போது புரியை முழுவதும் இறுக்கி, பிறகு சற்றே பின்வாங்கி, ஸ்ரியறிங் இருபுறமும் கடைசிவரை தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். இறப்பர் புஷ்களைப் பற்றி ஒரு சொல்: சில்லு தொங்கும்போது அவற்றின் நட்டை முழுதாக இறுக்கினால், கார் கீழே இறங்கியதும் இறப்பர் முறுகி, சில மாதத்தில் கிழியும். காரைத் தன் காலில் நிறுத்தி, இரண்டுமுறை முன்புறத்தை அமுக்கி விட்டபின் கடைசி இறுக்கை இறுக்குங்கள். பழைய கொட்டர் பின்னைத் திரும்ப மடித்துப் போடுவதை நான் கண்டிருக்கிறேன். ஐம்பது சதத்து மிச்சம் அது!

உறுப்புகள் உறுதியான பின்னரே சில்லுகளின் நேர் பார்க்கும் வேலை. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறவர்கள் பலர். கார் ஒருபுறம் இழுக்கிறது, டயர் ஒருபுறம் தேய்கிறது என்றவுடன், “ஐயா, எலைன்மென்ற் பார்த்துத் தாருங்கோ” என்று கராஜில் போய் நிற்கிறார்கள். ஆடுகிற பல்லுக்கு மெருகு போடுவதுபோல அது. இன்று அளக்கும் நேர் அடுத்த குழியில் வேறாகிவிடும்.

மைனரின் இரு முன்சில்லுகளும் மேலிருந்து பார்த்தால் முன்புறம் சற்றே ஒன்றையொன்று நோக்கிக் கூம்பி நிற்கவேண்டும். கராஜ்காரர் டோ-இன் என்பது இதனையே. அளவு மிகச் சிறிது: ஓர் அங்குலத்தை 32 பங்காக்கி அவற்றில் 3 பங்கு, அதாவது 2.4 மில்லிமீற்றர். இவ்வளவு சிறிய அளவுக்கு இத்தனை கவலையா என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். இந்த அளவு கால் அங்குலம் பிசகினால், ஒவ்வொரு சில்லின் பங்கும் அரைக்கால் அங்குலம். டயரின் விட்டம் ஏறக்குறைய 22 அங்குலம். ஆகவே முன்செல்லும் ஒவ்வொரு 176 அடிக்கும் டயர் ஓர் அடி பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. மைலுக்கு 30 அடி. தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை போய்ச்சேருமுன் 450 அடி தூரம் அந்த டயரைத் தார் வீதியில் குறுக்காக இழுத்துச் சென்றதற்கு ஒப்பாகும். திரும்பி வர இன்னுமொரு 450 அடி.

டயரே இந்தக் குற்றத்தை நமக்குச் சொல்லும். வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக உள்ளங்கையால் தடவுங்கள். பின்பு உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தடவுங்கள். முதலாவது வழவழப்பாகவும் இரண்டாவது அரிவாட்பல் போலவும் தோன்றினால் கூம்பல் மிகுதி. மாறித் தோன்றினால் சில்லுகள் முன்புறம் விரிந்து நிற்கின்றன.

அளப்பதற்குச் சமதளமான நிலம் வேண்டும். நெல் ஆலைகளின் முன்னே நெல் உலர்த்தும் சீமெந்துக் களம் இருக்கிறதல்லவா, அறுவடை இல்லாத நாட்களில் அதைவிட நல்ல இடம் கிடையாது. களம் சரிவா சமமா என்பதை மேசனின் நீர்மட்டக் குழாய் காட்டிவிடும். முதலில் டயர்களின் காற்றை இரு பக்கமும் ஒரே அளவாக்குங்கள். பிறகு ஒவ்வொரு முன்சில்லையும் உயர்த்தி, டயரின் முகத்தில் சுண்ணக்கட்டி பூசி, சில்லைச் சுழற்றிக்கொண்டே ஒரு குற்றியில் அறைந்த ஆணியின் நுனியை அசையாமல் பிடித்தால், சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு விழும். டயர் கோணலாயிருந்தாலும் இந்தக் கோடு பொய் சொல்லாது. காரை இறக்கி, முன்புறத்தை அமுக்கி விட்டு, சில அடி முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள்.

அச்சு உயரத்தில் நேராக நாடா பிடிக்க இயலாது. என்ஜினின் அடிப்பாகம் குறுக்கே நிற்கும். அதற்கு ஒரு நீண்ட மரச்சட்டம் எடுத்து, இரு நுனியிலும் சில்லின் நடு உயரத்துக்குக் குத்துக்கோல் பொருத்தி, ஒரு கோலில் நிலையான ஆணியும் மற்றதில் நகரும் ஆணியும் வையுங்கள். சில்லுகளின் பின்புறத்தில், கோட்டுக்குக் கோடு இந்தச் சட்டத்தால் அளவெடுத்து, அளந்த இடத்தைச் சுண்ணத்தால் குறியிடுங்கள். இப்பொழுது காரை ஏறக்குறைய மூன்றடி முன்னே தள்ளினால், அதே குறிகள் சுழன்று முன்புறத்துக்கு வந்துவிடும். அங்கே மீண்டும் அளவெடுங்கள். இரண்டின் வேறுபாடே கூம்பல். ஒரே குறியை இருமுறை அளப்பதனால் கோட்டிலுள்ள சிறு பிழையும் கழிந்துபோகிறது. ஒன்றை மறக்கவேண்டாம்: காரைப் பின்னே தள்ளி அளக்கலாகாது. பின்னே தள்ளும்போது மூட்டுகளிலுள்ள இடைவெளி எதிர்ப்பக்கம் சாய்ந்து அளவைப் பொய்யாக்கும். தவறிப் பின்னே போய்விட்டால், இன்னும் நெடுந்தூரம் பின்னே தள்ளி, அங்கிருந்து முன்னே வாருங்கள்.

திருத்துவதற்கு டை ரொட்டின் பூட்டு நட்டையும் இறப்பர் உறையின் இறுக்கியையும் தளர்த்தி, ரொட்டைத் திருகவேண்டும். மைனரில் ஸ்ரியறிங் றக் சில்லுகளின் பின்னே இருப்பதால், ரொட்டை நீட்டினால் சில்லின் பின்பாகம் வெளியே தள்ளப்பட்டு, முன்பாகம் கூம்பும். இரு பக்கத்தையும் ஒரே அளவாகத் திருப்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் நேர் சரியாகிவிடும், ஆனால் நேரே போகும்போது ஸ்ரியறிங் சக்கரம் கோணி நிற்கும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் காரை முன்னே தள்ளி மறுபடி அளக்கவேண்டும். மூன்று நான்கு முறையில் வந்துவிடும். முதல்முறை செய்பவருக்கு ஒரு பகற்பொழுது போகும். அடுத்த முறை ஒரு மணி நேரம்.

சில்லின் செங்குத்துச் சாய்வைப் பார்க்க மேசனின் தூக்குக்குண்டே போதும். சில்லின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்துள்ள தூரத்தை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். மைனரிலே இந்தச் சாய்வைத் திருத்த ஒரு திருகும் கிடையாது. இரு பக்கமும் பெரிதும் வேறுபட்டால், ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். அப்பொழுது அளவுகோலை வைத்துவிட்டு அலவாங்கை மீண்டும் எடுங்கள்.

யப்பானிய, இந்தியப் புதுக்கார்களை வைத்திருக்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் காரில் ட்ரனியனும் இல்லை, பெரும்பாலும் கிறீஸ் நிப்பிளும் இல்லை. மூடி முத்திரையிட்ட போல் ஜொயின்றுகள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் இறப்பர் உறை கிழிந்தால் சேறு புகுந்து அதே நாடகம் தொடங்கும். உறை கிழிந்ததா என்று மாதம் ஒருமுறை குனிந்து பார்ப்பது உங்கள் கிறீஸ் கன். நேர் பார்ப்பதை ஒளிக்கதிர்க் கருவி உள்ள நிலையத்தில் செய்வித்துக்கொள்வதே உங்களுக்கு நலம்; அளவுகள் காருக்குக் கார் வேறுபடும், பின்சில்லின் நேரையும் சேர்த்துப் பார்க்கவேண்டிய கார்களும் உண்டு.

மைனர்காரர் வேலை முடிந்தவுடன் கொழும்புக்குப் புறப்பட்டுவிடவேண்டாம். வெறும் காராக, நெரிசலற்ற வீதியில், மெதுவாக 50 மைல் ஓட்டுங்கள். ஸ்ரியறிங்கைச் சற்றுத் தளர்வாகப் பிடித்தால் கார் ஒருபுறம் சாய்கிறதா என்று தெரியும். வீதி நடுவே உயர்ந்து ஓரம் சரிந்திருப்பதால் இடப்புறம் மிகச் சிறிது இழுப்பது குற்றமன்று. வீடு திரும்பியபின் சில்லின் சூடு ஆறவிட்டு, கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு நட்டிலும் சாவியை வைத்து மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிய ட்ரனியன்களுக்கு அன்றைக்கே இன்னுமொரு தடவை கிறீஸ் அடித்துவிடுங்கள்.